முன்னாலேயே எழுதிய காய்ச்சல்

ஒரே ஒரு தடவை தவிர, அவர் ஒரு நோயாளியின் முகத்தைப் பார்த்து நான் கண்டதில்லை. கால்களைத்தான் பார்ப்பார். காலை ஆறு மணிக்கு வார்டுக்குள் நுழைந்ததும் முதல் படுக்கையில் தொடங்கி இருபதாவது படுக்கை வரைக்கும், விலகிக் கிடக்கும் போர்வையை இழுத்து அவரவர் பாதத்தை மூடிவிட்டுப் போவார். எல்லாம் உழைத்த பெண்களின் பாதங்கள். நடவு வயலில் நின்று நின்று விரலிடுக்கில் சேற்றுப்புண், பாளம் பாளமாக வெடித்த குதிகால், எத்தனை தேய்த்தாலும் போகாத கறுப்பு. அவற்றில் அவர் எதைப் படித்தார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். சொல்லும் உரிமையை நானே கெடுத்துக்கொண்டேன். அது எப்படி என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

காவிரி கடலைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும் ஒரு சிறிய ஊர். அங்கே இருந்த அரசு ஆஸ்பத்திரிக்குத் தலைமை நர்சாக நான் மாற்றலாகிப் போனபோது எனக்கு முப்பத்தைந்து வயது. அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அங்கிருந்த நர்சுகளில் பெண்கள் வார்டு அவர் பொறுப்பு. ஆட்சி மாறி, அலுவலகப் பலகைகளிலெல்லாம் தமிழ் ஏறியிருந்த காலம் அது. குடியிருக்கும் மனை குடியிருப்பவனுக்கே என்று மேடைக்கு மேடை சொன்னார்கள். மனைக்குச் சொந்தக்காரர்களான பண்ணைகள் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவில்லை. வாரத்துக்கு ஒரு மண்டையாவது உடைந்து எங்கள் வாசலுக்கு வந்துவிடும்.

எனக்கு அப்போது கோபம் மூக்கு நுனியில் இருக்கும். தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் படித்துத் தேறியவள் என்ற கர்வம் வேறு. கஞ்சி போட்ட தொப்பி ஒரு விரற்கடை சாய்ந்திருந்தாலும் நர்சுகளைத் திருப்பி அனுப்புவேன். அப்படிப்பட்டவள் வேலையில் சேர்ந்த இரண்டாம் நாளே அவரிடம் மாட்டினேன். அவர் என்னிடம் மாட்டினார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

ஒவ்வொரு படுக்கையின் கால்மாட்டிலும் ஒரு காய்ச்சல் அட்டை தொங்கும். காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு என்று ஒரு நாளைக்கு நான்கு கட்டம். நான்கு வேளையும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து எழுத வேண்டும். நான் வார்டைச் சுற்றி வந்தபோது மணி ஒன்பது. நான்கு கட்டமும் நிரம்பியிருந்தன. இருபது படுக்கைக்கும்.

"என்ன சிஸ்டர் இது?" என்றேன்.

"சார்ட்டு."

"மணி ஒம்போதுதான் ஆகுது. சாயங்காலம் ஆறு மணிக்கு இவங்களுக்கு எவ்வளவு காய்ச்சல் இருக்கும்னு இப்பவே எப்படித் தெரியும்?"

விரிப்பை மடித்துக்கொண்டே பதில் சொன்னார். "பாத்து எழுதினாலும் அதேதான் சிஸ்டர் வரும். எதுக்கு அவங்கள நாலு தடவ எழுப்பணும்?"

குரலில் திமிர் இல்லை. திமிராகப் பேசியிருந்தால் எனக்கு வேலை சுலபமாகப் போயிருக்கும். சமையலறையில் உப்பு எங்கே இருக்கிறது என்று சொல்வதைப்போலச் சொல்லிவிட்டு அடுத்த விரிப்பை எடுத்தார்.

இந்தப் பொய்யைத் தோலுரித்துக் காட்டாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். சரியாக இரண்டு மணிக்கு நானே தெர்மாமீட்டரும் பஞ்சுமாகக் கிளம்பினேன். முதல் படுக்கை, அட்டையில் இருந்ததேதான். தற்செயல் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவதும் அதே. ஐந்தாவது படுக்கையில் பாதரசத்தை உதறி இன்னொரு தடவை வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு படுக்கை வரைக்கும் ஒரு புள்ளி பிசகவில்லை. பதின்மூன்றாவதில் பாதரசம் நூறு புள்ளி ஆறில் நின்றது. அட்டையில் நூற்றொன்று புள்ளி இரண்டு. அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன், வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை. வார்டின் அந்தக் கோடியில், எனக்கு முதுகைக் காட்டி நின்று மருந்துத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவர் திரும்பாமலே சொன்னார்.

"பதிமூணாம் நம்பர் இப்பத்தான் பச்சத்தண்ணி குடிச்சா. பத்து நிமிஷம் கழிச்சு வைங்க சிஸ்டர்."

பத்து நிமிடம் கழித்து வைத்தேன். நூற்றொன்று புள்ளி இரண்டு.

மிச்சம் ஏழு படுக்கையையும் நான் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. என் அறைக்கு வந்து, எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். மெமோ எழுதினேன். நோயாளிகளைச் சோதிக்காமல் பதிவு செய்தது குறித்து விளக்கம் தரவும். மறுநாள் பதில் வந்தது. 'இனிமேல் இவ்வாறு நேராமல் பார்த்துக்கொள்கிறேன்' என்று ஒரே வரி. அந்தத் தாளோடு இன்னும் இரண்டு தாள்கள் இருந்தன. அவற்றிலும் அதே வரி, அதே கையெழுத்து.

"இது எதுக்கு சிஸ்டர்?"

"நீங்க இன்னும் ரெண்டு மெமோ குடுப்பீங்க."

கொடுத்தேன். எண்ணி இரண்டுதான் கொடுத்தேன். நான்காவது எழுதப் பேனாவை எடுத்தபோது எனக்கே சிரிப்பும் அழுகையுமாக வந்தது.

வார்டு ஆயா பாக்கியம்தான் எனக்கு அந்த வார்டின் பாஷையைக் கற்றுக்கொடுத்தாள். இருபது வருஷமாக அங்கே தரை துடைத்தவள். "அவங்க சார்ட்டு எழுதறத நெனச்சு நீங்க ஏம்மா பயப்படுறீங்க? எழுதாம விட்டாத்தான் பயம்," என்றாள். நோயாளிகளுக்கும் அது தெரிந்திருந்தது. காலையில் அவர் கடந்து போனதும் ஒவ்வொருத்தியும் எட்டித் தன் பாதத்தைப் பார்த்துக்கொள்வாள், போர்வை மூடியிருக்கிறதா என்று. மூடியிருந்தால் கஞ்சிக்குத் தட்டை நீட்டுவாள். ஒரு நாள் நான்காம் படுக்கைப் பெண் பாதி இட்லியோடு எழுந்து அவர் பின்னாலேயே ஓடினாள். "சிஸ்டரம்மா, என் காலை மூடலீங்களே, என் காலை மூடலீங்களே." அவர் திரும்பி வந்து, அவள் முகத்தை அல்ல, காலைப் பார்த்தார். "மறந்துட்டேன் தாயி," என்று போர்வையை இழுத்துவிட்டார். அந்தப் பெண் சுவரில் சாய்ந்துகொண்டு விக்கி விக்கி அழுதாள்.

நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. அதனால்தான் பழைய காய்ச்சல் அட்டைகளைக் கட்டிவைத்திருந்த அறைக்குப் போனேன். அந்த வருஷம் பெண்கள் வார்டில் இறந்தவர்கள் மூன்று பேர். மூன்று அட்டைகளையும் தேடி எடுத்தேன். மாலை ஐந்தரைக்கு இறந்தவளுக்கு ஆறு மணிக் கட்டம் காலி. மதியம் ஒன்றுக்கு இறந்தவளுக்கு இரண்டும் ஆறும் காலி. எல்லாக் கட்டத்தையும் காலையிலேயே நிரப்புகிறவர் அவற்றை மட்டும் விட்டிருந்தார். மூன்றாவது அட்டையைப் பிரித்துப் பார்க்காமலே கட்டிவைத்தேன்.

இப்போதெல்லாம் இதற்கு வகுப்பு எடுக்கிறார்கள். வேலையில் ஒட்டாமல் போய்விட்ட நர்சுகளை மீட்பது எப்படி என்று பேச என்னையும் கூப்பிடுகிறார்கள். ஓய்வு பெற்றவள், பொழுது போகவேண்டும், போய்ப் பேசுகிறேன். பாராட்டுங்கள், இடத்தை மாற்றிக் கொடுங்கள், காது கொடுத்துக் கேளுங்கள் என்கிறேன். எல்லாம் நான் செய்து பார்த்ததுதான். ஆஸ்பத்திரிப் பொங்கல் விழாவில் அவரை மேடையேற்றி ஒரு சான்றிதழ் கொடுக்க வைத்தேன். அது ரப்பர் விரிப்புகளுக்கு நடுவில் நாலாக மடித்துக் கிடந்ததைப் பாக்கியம் காட்டினாள். பிரசவ வார்டுக்கு மாற்றினேன். பச்சைக் குழந்தையைக் கையில் வாங்கினால் கல்லும் கரையும் என்பது என் எண்ணம். அவர் கை அத்தனை பதம். குழந்தையை ஏந்தி, தொப்புள் கட்டி, துடைத்து, தாயின் பக்கத்தில் கிடத்தினார். "என்ன புள்ளைங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள். "நீயே பாத்துக்க தாயி," என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். மூன்றே நாளில் பிரசவ வார்டு நர்சுகள் என்னிடம் வந்து நின்றார்கள். "அவங்கள நீங்களே எடுத்துக்கங்க சிஸ்டர். எங்களுக்கு உடம்பு என்னவோ பண்ணுது."

காது கொடுத்துக் கேட்பதைத்தான் கடைசியில் செய்தேன். முதலில் செய்திருக்க வேண்டும். துணி அறையில் விரிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து நானும் எண்ணினேன். பிறகு, "எப்பலேருந்து சிஸ்டர் இப்படி?" என்றேன். எப்படி என்று அவர் கேட்கவில்லை.

"நாலு வருஷம் இருக்கும். வெளியூரு ஆளக் கூட்டியாந்து நடவுக்கு எறக்கினாங்கன்னு சண்ட. ஒரு பொம்பளயத் தூக்கிட்டு வந்தாங்க. நாப்பது நிமிஷம் உசிரோட இருந்தா. என் கையத்தான் புடிச்சிட்டிருந்தா. பல்ஸ் எழுதினேன். யாரு அடிச்சான்னு அவ சொன்ன பேர எழுதினேன். அப்புறம் வேற தாள் வந்துச்சு. அந்தத் தாள்ல அவ வரும்போதே செத்துதான் வந்தா."

விரிப்பின் ஓரத்தை விரலால் நீவிவிட்டுக்கொண்டே இருந்தார்.

"நான் பாத்தது தாள்ல இல்லன்னா, நான் பாக்கலன்னுதானே சிஸ்டர் அர்த்தம்? சரி, பாக்கலன்னே இருந்துட்டுப் போறேன்."

ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். இருபத்தெட்டு விரிப்பு என்று சொன்னேன்.

அஞ்சலை வந்தது அதற்கு அடுத்த மாதம். முப்பது வயசு இருக்கும். பண்ணைக்குச் சொந்தமான மனையில் குடிசை போட்டு இரண்டு தலைமுறையாக இருந்தவர்கள். பட்டா கொடுக்க நிலத்தை அளக்க வருகிறார்கள் என்று தெரிந்ததும், அளக்க அங்கே குடிசையே இருக்கக்கூடாது என்று பண்ணை ஆட்கள் பிரிக்க வந்திருக்கிறார்கள். அஞ்சலை வாசலை மறித்து நின்றிருக்கிறாள். காலை எட்டு மணிக்கு மாட்டு வண்டியில் கொண்டுவந்து போட்டார்கள். பெரிய டாக்டர் தலையில் ஆறு தையல் போட்டு, "இங்கேயே இருக்கட்டும், சரியாயிடும்," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். தஞ்சாவூருக்கு அனுப்பினால் போலீஸ் கேஸ் பெரிதாகும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பத்தரை மணிக்கு வார்டைச் சுற்றினேன். பதினாறாம் படுக்கையில் அஞ்சலை. பத்து மணிக் கட்டம் நிரம்பியிருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. கால்மாட்டைப் பார்த்தேன். போர்வை முழங்கால் வரைக்கும் ஏறிக் கிடந்தது. வயல் சேறு காயாத இரண்டு பாதங்கள், திறந்து கிடந்தன. பக்கத்துப் படுக்கைக்காரி அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"சிஸ்டர், இவளுக்கு ரெண்டு மணிக் கட்டம் ஏன் காலியா இருக்கு?"

"எழுத வரல."

"அவ முகத்தப் பாருங்க."

"வேணாம் சிஸ்டர்." முதன்முறையாக அவர் குரல் நடுங்கியது.

"பாருங்க. பாத்தத எழுதுங்க. கீழ நான் கையெழுத்துப் போடுறேன். நான் இந்த ஆஸ்பத்திரில இருக்கற வரைக்கும் அந்தத் தாள ஒருத்தரும் மாத்த முடியாது. என் புள்ள மேல சத்தியம்."

அவர் முதலில் என் முகத்தைப் பார்த்தார். அப்படி ஒருவர் என்னைப் பார்த்ததே இல்லை. தோலுக்குக் கீழே காய்ச்சல் தேடுகிற பார்வை. பிறகு பதினாறாம் படுக்கையின் தலைமாட்டுக்குப் போனார். நாலு வருஷம் போகாத இடம். குனிந்து அஞ்சலையின் இமைகளை விரித்தார். அந்த நிமிடம் அவர் உடம்பே வேறொன்றாக மாறியது. முதுகு நிமிர்ந்தது, குரல் எழுந்தது.

"வலது கண்ணுமணி விரிஞ்சு கெடக்கு. பல்ஸ் அம்பத்திரெண்டு. உள்ள ரத்தம் கட்டுது சிஸ்டர். தஞ்சாவூர் போகணும், இப்பவே. பாக்கியம், டாக்டர் வீட்டுக்கு ஓடு!"

பாக்கியம் இரண்டு தடவை ஓடினாள். காத்திருக்கச் சொல் என்றுதான் இரண்டு தடவையும் பதில் வந்தது. இதற்குள் அவர் அஞ்சலையின் காதருகே குனிந்திருந்தார். "தாயி, யாரு அடிச்சா? சொல்லு தாயி, நான் இருக்கேன்." அஞ்சலை சொன்னாள். பண்ணையின் நிலபுலனைக் கவனிக்கும் காரியக்காரர். கடப்பாரையின் பின்பக்கம். அவர் மணியோடு எழுதினார், கண்ணின் நிலையை எழுதினார், டாக்டருக்கு இரண்டு தடவை ஆள் போனதை எழுதினார், அஞ்சலை சொன்ன பெயரை எழுதினார். அவர் கையெழுத்துக்குக் கீழே நான் என் கையெழுத்தைப் போட்டேன்.

வாசலில் சிவப்பு முக்கோணம் போட்ட குடும்பக் கட்டுப்பாட்டு ஜீப் நின்றது. முகாமுக்குப் போகவேண்டும், ஆர்டர் இல்லாமல் எடுக்கமாட்டேன் என்றார் டிரைவர். "ஆர்டர் நான்தான்யா," என்று கத்தினேன். அஞ்சலையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவரே ஏறிக்கொண்டார். ஜீப் வாய்க்கால் பாலத்தைத் தாண்டுகிற வரைக்கும் வாசலில் நின்றேன். என் வாழ்க்கையில் நான் நல்ல நர்சாக இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

மாலை நான்கு மணிக்குப் பெரிய டாக்டர் என் அறைக்கு வந்தார். கூடவே பண்ணையின் காரியக்காரர், கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. யாரும் குரலை உயர்த்தவில்லை.

"கூரை மாத்தும்போது ஏணியிலேருந்து விழுந்திருக்காம்மா. நீங்க அவசரத்துல என்னென்னமோ எழுதி வெச்சிருக்கீங்க," என்றார் டாக்டர். "உங்க வீட்டுக்காரர் இந்த ஊரு ஸ்கூலுக்கு மாத்தி வந்து எட்டு மாசம்தானே ஆவுது? ராமநாதபுரம் பக்கம் எடம் காலியா இருக்காம். ரெண்டு பேரையுமா போடுவாங்க, ஒருத்தரத்தான் போடுவாங்க."

புதிய தாள் ஒன்றை மேஜைமேல் வைத்தார்.

நான் எழுதினேன். பயம்தான், வேறு பெயர் வைத்து ஏமாற்ற வேண்டாம். ஆனால் எழுதும்போது எனக்கு நானே ஒன்று சொல்லிக்கொண்டேன். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இரண்டு மணிக் கட்டம் காலியாகத்தானே இருக்கிறது, அஞ்சலை இந்நேரம் செத்திருப்பாள், செத்தவளுக்கு எந்தத் தாள் இருந்தால் என்ன என்று. மெமோ போட்டு மிரட்டி எந்தக் கணிப்பை நம்ப மறுத்தேனோ, அதையே பிடித்துக்கொண்டு ஏணி என்று எழுதினேன். பழைய தாளைக் கிழித்தவர் டாக்டர்தான். துண்டுகளை வாங்கிக் குப்பைக்கூடையில் போட்டவள் நான்.

மறுநாள் பதினொரு மணிக்கு அவர் பஸ்ஸில் வந்து இறங்கினார். புடவையில் ரத்தம் காய்ந்திருந்தது. தலை கலைந்திருந்தது. படியேறி ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

"பொழச்சிட்டா சிஸ்டர்! ஆபரேஷன் முடிஞ்சு கண்ணத் தொறந்து என்னப் பாத்தா. தண்ணி கேட்டா. நான் விட்ட கட்டம் தப்பு சிஸ்டர், தப்பா விட்டுட்டேன்!"

தான் தப்பு செய்ததற்காக ஒரு மனுஷி அத்தனை சந்தோஷப்பட்டு நான் கண்டதில்லை. ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தார். வழியெல்லாம் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்து எழுதிய பல்ஸ். ஜீப்பின் குலுக்கலில் எழுத்து கோணலும் மாணலுமாக இருந்தது. "தாளக் குடுங்க சிஸ்டர், இதையும் சேத்து ஏத்திடுறேன்."

நான் எடுத்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய முடியும்? அவர் நின்றபடியே வாசித்தார். ஒரு தடவை வாசித்துவிட்டு, முதலிலிருந்து இன்னொரு தடவை வாசித்தார். நான் என்னென்னவோ சொன்னேன். வீட்டுக்காரர், பிள்ளை, ராமநாதபுரம். அவர் தாளை மேஜைமேல் வைத்து, பறக்காமலிருக்க அதன்மேல் பேப்பர் வெயிட்டையும் வைத்தார்.

"உங்க கையெழுத்து ரொம்ப அழகா இருக்கு சிஸ்டர்," என்றார்.

வழக்கு ஏணியோடு முடிந்தது. அஞ்சலை தஞ்சாவூரிலிருந்து திரும்பி வருவதற்குள் குடிசை இருந்த இடத்தில் குறுவைக்கு நாற்றங்கால் போட்டுவிட்டார்கள். அவள் தன் அக்காள் ஊரான ஒரத்தநாட்டுப் பக்கம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

அவர் இரண்டு நாள் லீவு எடுத்தார். மூன்றாம் நாள் காலை வேலைக்கு வந்தார். நான் ஒன்பது மணிக்கு வார்டுக்குப் போனேன். வார்டு சுத்தமாக இருந்தது. விரிப்புகள் மடிப்புக் கலையாமல் இருந்தன. முதல் படுக்கையின் அட்டையைப் பார்த்தேன். நான்கு கட்டமும் நிரம்பியிருந்தன. ஆறு மணிக்கு 98.4. பத்து மணிக்கு 98.4. இரண்டுக்கும் அதே, ஆறுக்கும் அதே. இரண்டாம் படுக்கை, 98.4. மூன்றாம் படுக்கை. ஐந்தாம் படுக்கை. இருபது அட்டையிலும் அந்த ஒரே எண், இன்றைக்கு மட்டுமல்ல, அந்த வாரத்தின் கடைசிக் கட்டம் வரைக்கும், அச்சடித்ததைப்போல. ஒரு படுக்கையிலும் போர்வை இழுத்துவிடப்படவில்லை. நாற்பது பாதங்களும் வெளியே கிடந்தன. எவளும் எட்டிப் பார்க்கவில்லை. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் படுத்திருந்தார்கள்.

அதுநாள்வரை அவர் வேலையை விட்டுவிடவில்லை, இன்றைக்குத்தான் விட்டார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஏழாம் படுக்கையில் ஒரு சின்னப் பெண் குளிர் காய்ச்சலில் கட்டில் கிரீச்சிட நடுங்கிக்கொண்டிருந்தாள். என் கையாலேயே தெர்மாமீட்டரை வைத்து எடுத்தேன். ஜன்னல் பக்கம் மேஜையில் உட்கார்ந்திருந்த அவரிடம் கொண்டுபோனேன்.

"சிஸ்டர், ஏழாம் நம்பருக்கு நூத்திமூணு இருக்கு. நீங்க தொண்ணூத்தெட்டு புள்ளி நாலுன்னு எழுதியிருக்கீங்க."

அவர் மரியாதையாக எழுந்து நின்றார். தெர்மாமீட்டரைப் பார்க்கவில்லை. அந்தப் பெண் இருந்த பக்கம் திரும்பவில்லை.

"எத எழுதணும்னு நீங்க சொல்லுங்க சிஸ்டர், அத எழுதிடுறேன்," என்றார்.

பேனா மூடியைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு, நான் சொல்வதற்காகக் காத்திருந்தார்.